மூன்று மணிக்கும் காலியாகாத பாட்டில்கள்

அந்தத் தாளை நான் கேட்டு வாங்கவில்லை. எங்கள் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி என்பது யாருக்கு வார மணிக்கணக்கு குறைகிறதோ அவர் தலையில் விழும் தாள். எந்தத் துறை மாணவராக இருந்தாலும் அதில் தேறினால்தான் பட்டம். ஆனால் அந்த மதிப்பெண் மொத்தத்தில் சேராது. சேராத மதிப்பெண்ணுக்கு யார் மெனக்கெடுவார்கள்?

நான் தாவரவியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில்தான். ஒவ்வொரு ஆண்டும் வேலை நீளுமா நீளாதா என்று ஜூன் மாதம் வரை காத்திருப்பவள். துறைத் தலைவர் கால அட்டவணையை என் பக்கம் தள்ளி, "வணிகவியல் செகண்ட் இயர் மேடம். ஈஸி பேப்பர். கைடு இருக்கு, ரெண்டே மாசத்துல முடிச்சிடலாம்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டாமல் இருக்கும் இடத்தில் நான் இல்லை.

உத்திரமேரூருக்கு வெளியே, ஒரு பக்கம் நெல் வயலும் மறுபக்கம் மனைகளுக்கு நட்ட கல்லுமாக இருக்கிறது எங்கள் கல்லூரி. வணிகவியல் வகுப்பு பின்கட்டில், சிமென்ட் ஷீட் கூரையின் கீழ். எனக்குக் கொடுத்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மணி. பிப்ரவரி பாதியிலேயே கூரை கொதிக்கத் தொடங்கிவிட்டது. மூன்று மின்விசிறிகளில் ஒன்று சுற்றியது. அதன் கீழ் உட்கார்வதற்குத் தினமும் சண்டை. அறுபத்திரண்டு பேர். பாதிப் பேர் ஓரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்டு முடித்துவிட்டு வருகிறவர்கள். மீதிப் பேர் வீட்டு வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள்.

காலநிலை மாற்றம் என்ற அலகை ஒரு பனிக்கரடிப் படத்தோடு ஆரம்பித்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மிதக்கும் ஐஸ் கட்டியின் மேல் ஒற்றைக் கரடி. மின்சாரம் இல்லாததால் படத்தை என் போனில் காட்டிக்கொண்டே பெஞ்சு பெஞ்சாக நடந்தேன்.

கடைசி பெஞ்சில் ஒருவன் எப்போதும் தூங்குவான். அன்று விழித்திருந்தான். "மேடம், அங்க ஐஸு கரைஞ்சா இங்க இன்னா மேடம் ஆவும்?" என்று கேட்டான்.

"கடல் மட்டம் உயரும்."

"எங்களுக்குக் கடலு ரொம்ப தூரம் மேடம்."

வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு பருவமழை, புயல், கடலின் வெப்பம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். மணி அடித்தபோது அவன் மறுபடியும் தூங்கியிருந்தான். எழுப்பி, வேறு வகுப்புகளிலும் இப்படித்தானா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "நைட் ஷிப்டு மேடம். கம்பெனில ஏசி கீது. ஆனா அது மெஷினுக்கு. நாங்க மெஷின ஒட்டி நின்னுக்குவோம். இங்க வந்தா இந்த ஷீட்டு. கண்ணு தானா மூடிக்குது" என்றான்.

பேருந்தில் வீடு திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வெயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு அதிகம் தெரியும். ஆனால் தேர்வில் அவன் எழுத வேண்டியது அவனுக்குத் தெரிந்ததை அல்ல. இந்த எண்ணம் என்னை ஒரு வாரம் படுத்தியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கைடை மூடி வையுங்கள் என்று வகுப்பில் சொன்னேன். "உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற ஒருவரிடம் கேளுங்கள். மழையாலோ வெயிலாலோ அவர் வேலை எப்படி மாறியிருக்கிறது? ஒரு பக்கம். உங்கள் சொந்த வார்த்தையில். தமிழிலேயே எழுதலாம்."

அடுத்த வாரம் ஐம்பத்தொரு தாள்கள் வந்தன. பணியாளர் அறையில் உட்கார்ந்து ஆசையோடு பிரித்தேன். முதல் தாள்: "காலநிலை மாற்றம் என்பது இன்றைய உலகம் எதிர்கொள்ளும் மிகப் பெரிய சவால்களில் ஒன்றாகும்." இரண்டாம் தாளும் அதே. மூன்றாவதும் அதே. நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்களில் ஒரே பத்தி, போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்டு வாங்கியது. ஒருவன் எதையும் விடக்கூடாதென்று கடைசியில் போன் கேட்ட கேள்வியையும் சேர்த்து எழுதியிருந்தான்: "இதை இன்னும் சுருக்கித் தர வேண்டுமா?"

பக்கத்து மேசைக்காரர் அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்திலேயே இருக்கிற அம்மாவிடம், அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்க என்ன கஷ்டம் என்று ஆத்திரமாக வந்தது.

அந்தக் கட்டுக்குள் நாலைந்து தாள்கள்தான் உண்மையானவை. அதில் ஒன்று, மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காரும் பெண்ணுடையது. காவாந்தண்டலம் பக்கத்திலிருந்து வருகிறவள். வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. நீல மையில், அடித்தல் திருத்தலோடு எழுதியிருந்தாள்.

அவள் அம்மா கழனி வேலைக்குப் போகிறவர். முன்பு எட்டு மணிக்குப் போனவர் இப்போது விடிவதற்குள் கிளம்புகிறார். கோடைப் பட்டமான சொர்ணவாரி நடவின்போது பதினோரு மணிக்கு மேல் சேற்றில் கால் வைத்தால் சுடுகிறது, தேங்கிய தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கிறது. இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா வேலை செய்யும் இடத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் ஒதுங்க இடம் இல்லை. முன்பு ஏரிக்கரைப் பக்கம் வேலிகாத்தான் முள்புதர் இருந்தது. அதை அழித்து மனை போட்டுவிட்டார்கள். வெயில் அதிகமானதால் உடம்பில் தண்ணீர் நிற்பதில்லை. போன வருடம் சிறுநீரில் எரிச்சல் வந்து, காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தார். புத்தகத்தில் காலநிலை மாற்றத்துக்கு நிறைய விளைவுகள் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அது நீர்க்கடுப்பு."

கடைசி வரியை நாலைந்து முறை படித்தேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவர் எழுதியதைப் படித்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. சந்தோஷம் என்று சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. யாருடைய வலியோ தாளில் இருந்தது. எனக்கோ என் பாடம் ஜெயித்துவிட்டது போல இருந்தது.

மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் முதலில் காப்பியடித்தவர்களைத் திட்டினேன். பிறகு, "எப்படி எழுத வேண்டும் என்று கேளுங்கள்" என்று சொல்லி அவளை எழுப்பி, தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களே படிங்க மேடம்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"நீ எழுதினது. நீதான் படிக்கணும்."

படித்தாள். சேறு சுடுவது வரை வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது. "ஒதுங்க இடம் இல்லை" என்ற இடத்தில் பின்னாலிருந்து ஒரு கனைப்பு. "சிறுநீர்" என்றதும் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான், இன்னொருவனுக்கு அடக்க முடியவில்லை. சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. கடைசி பெஞ்சுக்காரனும் சிரித்தான். அவள் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். நான் மேசையைத் தட்டிக் கத்தினேன். "உங்க அம்மாவுக்கு வந்தா சிரிப்பீங்களா?" என்று கேட்டேன். அதுதான் இன்னும் பெரிய தப்பு. அம்மா என்று சொன்னதும் எல்லாக் கண்களும் அவள் பக்கம் திரும்பின. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை குனிந்த தலையை அவள் நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த மூன்று நாட்களும் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவள் அம்மா கல்லூரிக்கு வந்தார். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, காலில் காய்ந்த சேறு. களை எடுத்துக்கொண்டிருந்தவர் பாதியில் கிளம்பி வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. பணியாளர் அறை வாசலிலேயே நின்றார்.

"நீங்கதான் அந்த வெய்யிலு பாடம் நடத்துற டீச்சரா?"

"ஆமாம்மா. உள்ள வந்து உக்காருங்க."

"உக்கார்றதுக்கு வர்ல. எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சி?"

"தப்பே பண்ணலம்மா. ரொம்ப நல்லா எழுதியிருந்தா."

"நல்லா எயுதியிருந்தா நீங்க படிச்சிட்டு வெச்சிக்கணும். அத்தினி ஆம்பள பசங்க எதிர்ல என் ஒடம்பு சமாச்சாரத்த எதுக்குப் படிக்க சொன்னீங்கோ? வூட்ல குந்திக்கினு அயுவுது. காலேஜுக்கே போவ மாட்டேன்னுது."

"அவங்களுக்கெல்லாம் புரியணும்னுதான்…"

"இன்னா புரியணும்? எனக்கு எரியறது அவனுங்களுக்கு எதுக்குப் புரியணும்?"

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு பேப்பரில் முகத்தை வைத்துக்கொண்டார்கள். மன்னித்துவிடுங்கள் என்றேன். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஒரே ஒரு மடக்கு, வாயை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் குடிங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க."

"வாணாம். ரெண்டு பஸ்ஸு மாறணும்." எழுந்துகொண்டார். "நாளைக்கி அனுப்புறேன். அதுங்கிட்ட இனிமே இதப்பத்தி ஒண்ணும் கேக்காதீங்கோ. அது படிச்சி முடிக்கட்டும்."

மறுநாள் அவள் வந்தாள். முதல் பெஞ்சுக்கோ பின் பெஞ்சுக்கோ போகவில்லை, அதே இடத்தில்தான் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கம் பார்க்காமல் பாடம் நடத்தினேன். பார்க்காமல் இருக்க எங்கேயாவது பார்க்க வேண்டுமே. பெண்கள் பக்கத்து டெஸ்க்குகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில். மணி மூன்றாகப் போகிறது. கூரை தகிக்கிறது. எல்லாப் பாட்டிலிலும் தண்ணீர் கழுத்து வரை இருந்தது.

பையன்களை ஐந்து நிமிடம் முன்னால் அனுப்பிவிட்டு, ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். பிறகு ஒருத்தி சொன்னாள்: "பதினோரு மணிக்கு மேல பாத்ரூம்ல தண்ணி வராது மேடம். காலைல ஹோஸ் பைப்புல ரொப்பற தண்ணி அதுக்குள்ள டேங்க்ல காலியாயிடும். அந்த நாத்தத்துல உள்ள போவ முடியாது. அதனால காலைலருந்தே குடிக்கிறதில்ல."

"எத்தனை நாளா?"

"நாங்க சேர்ந்ததுலருந்து மேடம்."

பணியாளர் அறைக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது. அதற்குப் பூட்டும் சாவியும் தனித் தொட்டியும் உண்டு. ஆறு ஆண்டுகளாக அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, செடிகளின் நீர்ப் பற்றாக்குறை பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். என்மேலேயே எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நேரே அலுவலகத்துக்குப் போனேன்.

கண்காணிப்பாளர் ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். பெண்கள் பகுதி மோட்டார் பழுது என்று எழுதிப்போட்டு ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதாம். "மேலருந்து பதில் வரல மேடம். நாமளா கைவைக்க முடியாது." நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. பிறகு முதல்வரிடமே போனேன்.

அவர் வேறு அவசரத்தில் இருந்தார். தர மதிப்பீட்டுக் குழு இரண்டு வாரத்தில் வருகிறது. "நல்ல வேளை வந்தீங்க. நீங்க பசங்கள வெச்சி ஏதோ சர்வே பண்ணீங்களாமே? அத ஒரு சார்ட்டா போட்டுடுங்க. சிறந்த நடைமுறைன்னு காட்டலாம்."

நான் தாள்களைக் கொடுக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று வாயால் சொன்னேன், யார் என்று சொல்லாமல். அவர் முகம் சுருங்கியது. "அதெல்லாம் வேணாம் மேடம். மழை, விவசாயம், மரம் நடறது, இந்த மாதிரி போடுங்க."

"சார், நம்ம பொண்ணுங்களே தண்ணி குடிக்காமதான் உக்காந்திருக்காங்க."

"நீங்க காலநிலை மாற்றத்த நடத்துங்க மேடம். பாத்ரூம் விஷயம் ஆபீஸ் பாத்துக்கும்."

இரண்டும் ஒன்றுதான் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. பணியாளர் கழிப்பறைச் சாவியை மதிய இடைவேளையில் பெண்களிடம் கொடுக்க ஆரம்பித்தேன். நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மூத்த ஆசிரியை ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்தார். எனக்கு ஒரு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். சாவி அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு நானே கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

குழு வந்த அன்று லாரியில் தண்ணீர் வந்தது. பெண்கள் கழிப்பறையில் முதல் முறையாகச் சோப்பு வைத்தார்கள். வாசலில் பூமியைக் காப்போம் என்று ஆளுயர பிளாஸ்டிக் பேனர். குழுவில் வந்த ஒரு பேராசிரியை என் வகுப்புக்குள் நுழைந்து, சுவரோரம் இருந்தவளையே கை காட்டிக் கேட்டார்: "காலநிலை மாற்றத்தால என்னென்ன பாதிப்பு வரும்னு சொல்லும்மா."

சொல்லிவிடமாட்டாளா என்று இருந்தது. சொல்லிவிடப் போகிறாளே என்றும் இருந்தது. அவள் எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டு, கைடில் இருந்த எட்டுப் பாதிப்புகளையும் வரிசை மாறாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. பேராசிரியை "வெரி குட்" என்றார். முதல்வர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் உட்கார்ந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு நொடி ஏமாற்றம் வந்தது, அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டு விஷயத்தை அவள் இன்னொரு தரம் அந்நியர் முன்னால் எதற்காகத் திறந்து வைக்க வேண்டும்?

மறுநாள் லாரி வரவில்லை. தொட்டி மறுபடியும் காலி. நான் வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டு அதைப் பற்றியே பேச ஆரம்பித்தேன். மோட்டார், கடிதம், பதில் இல்லை. தினமும். புலம்பல்தான், வேறென்ன.

ஒரு நாள் கடைசி பெஞ்சுக்காரன் எழுந்தான். "மேடம், டெய்லி இதையே சொல்லிக்கினு கீறீங்க. எங்களுக்கே பேஜாரா கீது. மோட்டாரு எங்க கீது, காட்டுங்க."

பெண்கள் பகுதிக்குப் பின்னால் தகர மூடிக்குள் இருந்தது. அவனும் இரண்டு பேரும் மூடியைக் கழற்றினார்கள். கம்பெனியில் அவனுக்கு அதுதான் வேலையாம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கப்பாசிட்டர் பூட்ச்சி மேடம். அவ்ளோதான். மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல" என்றான். கடைத்தெருவுக்கு வண்டியில் போய் ஒன்று வாங்கி வந்து மாட்டினான். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியது, மேலே குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. ஒன்றரை ஆண்டுக் கோப்பு இருபது நிமிடத்தில் முடிந்தது. எனக்கு மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது.

அலுவலகத்துக்கும் எரிச்சல்தான். அனுமதியில்லாமல் கல்லூரிச் சொத்தில் கைவைத்ததற்காக மூன்று பையன்களிடமும் மன்னிப்புக் கடிதம் வாங்கினார்கள். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். கடைசி பெஞ்சுக்காரன் எழுதியதைக் கண்காணிப்பாளர் திருப்பிக் கொடுத்தார், "இனி பழுது பார்க்க மாட்டேன்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி. அவன் சேர்த்து எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். வகுப்பில் அன்று சிரித்ததைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

தண்ணீர் மூன்று வாரம் நன்றாக வந்தது. பாட்டில்கள் மதியத்துக்குள் காலியாகத் தொடங்கின. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஏப்ரல் கடைசியில் ஆழ்துளைக் கிணற்றிலேயே தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் ஓடியது, குழாயில் காற்றுதான் வந்தது. அதற்குள் தேர்வும் வந்துவிட்டதால் யாரும் கேட்கவில்லை. தேர்வில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் தேறினார்கள். விடைத்தாள் முழுக்கக் கைடுதான் இருந்திருக்கும்.

அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. நடைவழியில் பார்த்தால் "வணக்கம் மேடம்" என்பாள், நிற்க மாட்டாள். போன மாதம் ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.

"இருக்காங்க மேடம். கயனிக்குப் போறதில்ல. கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் தேய்க்கப் போறாங்க."

"பரவாயில்லையா அங்க?"

"பாத்ரூம் கீது மேடம்" என்று சொல்லிவிட்டு, படிவத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த ஆண்டும் அந்தத் தாள் எனக்கே வந்திருக்கிறது. இந்த முறை கணினி அறிவியல் வகுப்பு, அறுபத்தெட்டு பேர். காலநிலை மாற்றத்துக்குப் பாடத்திட்டத்தில் ஆறு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு விளையாட்டு விழாவுக்குப் போய்விட்டது. மீதி நாலு மணி நேரத்தில் யாரையும் எழுப்பிப் படிக்கச் சொல்லக்கூடாது என்பது தெரியும். வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்து யோசித்துப் பாடக் குறிப்பேட்டில் தலைப்பை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. துறைத் தலைவர் நேற்று அதைப் பார்த்துவிட்டு, "கைடு வாங்கலையா மேடம்?" என்று கேட்டார்.